கொழுப்பின் ஓரம்

இருநூற்றுப் பன்னிரண்டாவது வெட்டில்
ஒரு மயிரிழை.
அரைமணி நேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்லாவோன்ஸ்கி பிரோட், பிப்ரவரி, மாலை ஆறு.
வெளியே சாவா ஆறு
கரையேறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே, விளக்கணைத்த அறையில்,
இலியா பெந்திச்,
வயது எழுபத்தொன்று, தோணிக்காரர்,
மூன்று மில்லிமீட்டர் ஏடுகளாக.

காலையில் ஊசி ஏறும்போது சொன்னார்:
"கால்சட்டை நனைந்துவிட்டது, டாக்டர்."
நனையவில்லை, அந்த மருந்துக்கு அப்படித்தான் சூடு பரவும் என்றேன்.
"இந்த வயதில் இதை நம்பச் சொல்கிறாய்" என்றார்,
மூச்சைப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் சிரித்தார்,
முதல் படம் கலைந்துபோனது.

மருந்து சிறுநீரகத்தைக் கடந்து கீழிறங்க
பன்னிரண்டு நிமிடம்.
மேசையில் ஒருமுறை புரண்டு படுக்கச் சொன்னேன்.
புரண்டபடியே பேசினார்.
கோதுமைக் கொல்லையில் ஒரு களை வருமே,
எங்கள் மொழியில் ஓநாய்க்கால்,
மஞ்சள் பூ, ஆடுகூட வாய் வைக்காதது,
அதன் விதை கதிரோடு களத்துக்கு வந்து
களத்திலிருந்து ஆலைக்குப் போய்
ரொட்டியாகி மேசைக்கு வந்ததாமே,
படித்தவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?
உண்மை என்றேன்.
"நல்ல ரொட்டி அது" என்றார்.
எனக்குத் தெரியும்.
நான் நாலாவது ஊர்,
அதே ஆலை.

இப்போது திரையில்
வெள்ளை வெளேரென்று இறங்கி வருகிறது நீர்,
வலப்பக்கம் தடையில்லாமல்.
இடப்பக்கம், இடுப்பெலும்பின் விளிம்பருகே,
வெள்ளையில் ஒரு கருத்த கடி.
பதினான்கு மில்லிமீட்டர்.
அதற்கு மேலே குழாய் புடைத்து,
சிறுநீரகம் தேங்கிய குளம்.
நிணக்கணுக்கள் சிறியவை. கல்லீரல் சுத்தம்.
நுரையீரலில் பழைய தழும்பு, கவலையில்லை.

கிரெஷோ இரண்டு முறை அழைத்துவிட்டான்.
வெட்டுகிறவனுக்கு ஓர் எண் போதும்.
ஒன்றா? இரண்டா? மூன்றா?

ஒன்றையும் இரண்டையும் இந்த இயந்திரம் பிரிக்காது, கிரெஷோ.
சுவரின் எந்தப் பரலில் வேர் நிற்கிறதென்று
கதிருக்குத் தெரியாது.
அதற்குத் தெரிவதெல்லாம்
சுவருக்கு வெளியே உள்ள கொழுப்பு
கறுப்பாக, அமைதியாக இருக்கிறதா,
இல்லையா என்பதுதான்.
இருநூற்றுப் பதினொன்றில் அமைதி.
பதின்மூன்றில் அமைதி.
நடுவில் அந்த மயிரிழை:
கட்டியின் விரலாக இருக்கலாம்,
தேங்கிய குழாயின் வெறும் வீக்கமாக இருக்கலாம்,
காலையில் அவர் சிரித்த சிரிப்பின் மிச்சமாகவும்.

பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது.
சிறிதாக்கினேன். இல்லாமல் போனது.

ஏழு மணிக்கு அவரே தொலைபேசியில்.
விதிப்படி நான் பேசக்கூடாது.
"எண்ணெல்லாம் வேண்டாம், ஒன்று மட்டும் சொல்.
ஆற்றுக்குள்ளேயே இருக்கிறதா,
கரை தாண்டிவிட்டதா?"

கரையில் ஓரிடத்தில் ஈரம் இருக்கிறது என்றேன்.
வெள்ளமா பனியா, தெரியவில்லை.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம்.
பிறகு,
"வெள்ளமா பனியா என்று பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு
எங்கள் ஊரில் மாடு மிஞ்சியதில்லை.
எடுக்கச் சொல். சிறுநீரகத்தோடு எடுக்கட்டும்.
ஆனால் மார்ச்சுக்குள்.
ஏப்ரலில் தோணிக்குத் தார் பூச வேண்டும்."

எழுதினேன்:
இடது சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் கட்டி.
முதல் இரு நிலைகளைப் பிரித்தறிய இயலாது.
குழாயைச் சுற்றிய கொழுப்பில் ஓரிடத்தில் இழை;
மூன்றாம் நிலையை விலக்க முடியவில்லை.
'முடியவில்லை'யை அழித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன்.

விளக்கைப் போட்டுக்
கோட்டை மாட்டினால்
பையில் நவம்பர் மாதச் சீட்டு:
சிறுநீர், செல் ஆய்வு,
என் பெயர், என் கையெழுத்து.
மடிப்புக்கூடக் கலையவில்லை.